பிள்ளை பிடிப்பவர் ஆடியோ பற்றி

எல்லோருக்கும் வணக்கம். நேற்றிரவு நம் குழுவில் வந்த 'பிள்ளை பிடிப்பவர்கள் ஊருக்குள் வந்துவிட்டார்கள்' என்ற ஆடியோவை நான்தான் நீக்கினேன். அனுப்பியவர் மீது எனக்குக் கோபமில்லை, அக்கறையில்தான் அனுப்பினார்.

ஆனால் 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கத்தில் நடந்தது பலருக்கு நினைவிருக்கும். குலதெய்வக் கோயிலுக்குக் குடும்பத்தோடு காரில் வந்த 65 வயது அம்மா ஒருவர் வழியில் குழந்தைகளுக்கு சாக்லேட் கொடுத்தார். இதே மாதிரி வாட்ஸ்அப் வதந்தியை நம்பியிருந்த ஊர், அவரை அடித்தே கொன்றுவிட்டது. பேரப்பிள்ளை வயதுக் குழந்தைக்கு மிட்டாய் கொடுப்பது நம் வீட்டுப் பாட்டிகள் எல்லோரும் செய்வதுதானே? அந்த வருடம் ஜூலையில்தான் ஒரு செய்தியை ஐந்து பேருக்கு மேல் ஒரே நேரத்தில் பகிர முடியாதபடி இந்தியாவில் வாட்ஸ்அப் கட்டுப்பாடு கொண்டுவந்தது.

அதனால் இரட்டை அம்புக்குறியோடு வரும் எதையும் இங்கே போட வேண்டாம். அது ஏற்கெனவே பல கை மாறி வந்தது, முதலில் சொன்னவர் யாரென்றே தெரியாது. தெருவில் புது முகம் பார்த்தால் படமெடுத்துப் போடவும் வேண்டாம். உண்மையிலேயே சந்தேகமா? 100க்குக் கூப்பிடுங்கள். குழந்தை சம்பந்தப்பட்டது என்றால் 1098. அப்புறம், நேற்று அந்த ஆடியோவை வேறு குழுக்களுக்கு அனுப்பியவர்கள் இன்றே அங்கேயும் நீக்கிவிடுங்கள்.