மைக்கைக் கண்டதும் வாய் திறக்கும் தலைவர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஒரு தலைவரைக் குற்றப் புலனாய்வுத் திணைக்களம் கூப்பிடப் போகிறது என்று கதை கிளம்பினாலே சட்டத்தரணிகள் முன்பிணைக்கு, அதாவது கைதாகும் முன்பே கேட்கும் பிணைக்கு, ஓடுகிறார்கள். 1997ஆம் ஆண்டுப் பிணைச் சட்டம் அதற்கு இடம் தருகிறது, சரி. ஆனால் புதுக்கடை நீதிமன்றத்தில் காசைக் கொட்டிவிட்டு அன்று பின்னேரமே அந்தத் தலைவர் ஊடகச் சந்திப்பு வைத்து, 'கையெழுத்துப் போட்டது நான்தான், அதில் என்ன பிழை?' என்று நெஞ்சை நிமிர்த்துவதுதான் விளங்கவில்லை. பொலிஸ் அதிகாரியிடம் கொடுத்த குற்ற ஒப்புதலைக்கூட, கொடுத்தவருக்கு எதிராக நிரூபிக்க சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 25ஆம் பிரிவு விடாது. மைக் முன்னால் சொன்னதற்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. வழக்குத் தொடர விடாமல் காக்கும், அரசியலமைப்பின் 35ஆம் உறுப்புரையின் விடுபாட்டுரிமையும் பதவியிலுள்ள ஜனாதிபதிக்கு மட்டும்தான், பதவி போன பிறகு ரணில் விக்கிரமசிங்கவே 2025 ஆகஸ்டில் விளக்கமறியலுக்குப் போனதைப் பார்த்தோமே.

வாசகர்,
வெள்ளவத்தை