கருப்பு டேப் ஒட்டச் சொன்ன சர்வீஸ் அட்வைசரும் இறங்காத ஐட்லிங்கும்: மூன்றாவது புகார்க் கடிதம்

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: எஞ்சின் ஐட்லிங் (ஆக்ஸிலேட்டரை மிதிக்காதபோது எஞ்சின் சுற்றும் வேகம்) அதிகமாக இருப்பதும் செக் எஞ்சின் விளக்கு எரிவதும், ஐந்து முறை வந்தும் சரிசெய்யப்படாதது குறித்து.

ஐயா / அம்மா,

வணக்கம். இது உங்களுக்கு நான் எழுதும் மூன்றாவது கடிதம். முதல் இரண்டுக்கும் "தங்கள் கருத்துக்கு நன்றி" என்று ஒரே பதில், ஒரே எழுத்துப்பிழையோடு வந்தது. நான் கருத்து எதுவும் சொல்லவில்லை. வண்டி சரியில்லை என்று சொன்னேன். இந்த முறையாவது யாராவது ஒரு மனிதர் படிப்பார் என்று நம்பி முதலிலிருந்து சொல்கிறேன்.

வண்டி நீங்கள் செய்த பெட்ரோல் கார்தான். பதினாறு வருடம் ஆகிறது. ஆக்ஸிலேட்டருக்கு இன்னும் கேபிள் இருக்கும் காலத்து வண்டி. முன்பெல்லாம் எஞ்சின் சூடானபின் நியூட்ரலில் விட்டால், நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று காட்டும் முள் 800-ஐ ஒட்டி நிற்கும். பானட்டுக்கு அடியில் நீங்களே ஒட்டிய ஸ்டிக்கரிலும் அதே கணக்குதான் இருக்கிறது. இப்போது 1,800-ல் நிற்கிறது. காலையில் குளிர்ந்த எஞ்சின் 1,300, 1,400 வரை ஏறி அப்புறம் இறங்கும் என்பது எனக்குத் தெரியும். அதைப் பற்றிப் புகார் இல்லை. ரேடியேட்டர் ஃபேன் இரண்டு தடவை ஓடி நின்ற பிறகும் முள் இறங்காததைப் பற்றித்தான் புகார். நெரிசலில் முதல் கியரில் கிளட்சை விட்டால் வண்டி தானாகவே பாய்கிறது. நான் அதை ஓட்டுவதில்லை, கயிற்றை அறுக்கப் பார்க்கும் மாட்டைப் பிடிப்பதுபோல பிரேக்கால் பிடித்துக்கொண்டிருக்கிறேன். கூடவே மஞ்சள் விளக்கு.

முதல் தடவை வந்தபோது, எஞ்சின் கம்ப்யூட்டர் பதிந்து வைத்த பழுதுகளைப் படிக்கும் ஸ்கேனரைப் போட்டார்கள். பி0171, பி0507 என்று இரண்டு பழுதுக் குறியீடு. ஜாப் கார்டில் அதை எழுதியிருக்கிறார்கள், அதற்கு நன்றி. முதலாவது, எஞ்சினுக்குள் பெட்ரோலுக்கு மிஞ்சிய காற்று போகிறது என்கிறது. இரண்டாவது, ஐட்லிங் இருக்க வேண்டியதைவிட அதிகம் என்கிறது. இரண்டையும் சேர்த்துப் படித்தாலே எங்கோ காற்று திருட்டு வழியாக உள்ளே போகிறது என்று சந்தேகம் வர வேண்டாமா? உங்கள் ஆட்களுக்கு வரவில்லை. குறியீட்டை அழித்தார்கள், விளக்கு அணைந்தது, "சரியாயிடுச்சு சார்" என்று சாவியைக் கொடுத்துவிட்டார்கள். மூன்றாம் நாள் விளக்கு திரும்ப வந்தது. வராமல் எங்கே போகும்? இந்த மாதிரிப் பழுது இரண்டு ஓட்டங்களில் அடுத்தடுத்து தெரிந்தால்தான் பெரும்பாலும் விளக்கு எரியும். அதனால் அழித்ததும் இரண்டு மூன்று நாள் சும்மா இருக்கும், அவ்வளவுதான். விளக்கு எரிந்த நேரத்தில் எஞ்சின் எந்த நிலையில் இருந்தது என்று கம்ப்யூட்டர் குறித்து வைத்த தகவலும் அந்த அழிப்பில் போய்விட்டது. காய்ச்சலுக்கு வைத்தியம் கேட்டு வந்தவனின் தெர்மாமீட்டரை உதறிவிட்டு அனுப்பிய கதை.

அடுத்தது, புகையில் மிஞ்சும் ஆக்ஸிஜனை அளந்து சொல்லும் ஆக்ஸிஜன் சென்சாரை மாற்றினார்கள். அந்தச் சென்சார் காற்று அதிகம் என்று உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. உண்மை சொன்ன பாவத்துக்கு அதைக் கழற்றிப்போட்டீர்கள். புதியதும் அதே உண்மையைச் சொன்னது.

சரி, இப்போது அந்த அட்வைசரைப் பற்றி. பெயர் எழுதவில்லை, மூன்றாம் முறை வந்த ஜாப் கார்டில் அவர் கையெழுத்து இருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள். பானட்டைத் திறக்காமலே, கையில் இருந்த போனிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்: "பழைய வண்டின்னா அப்படித்தான் சார் இருக்கும். லைட் கண்ணை உறுத்துதுன்னா கருப்பு டேப் ஒண்ணு ஒட்டிக்கோங்க." பக்கத்தில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். எனக்கு அறுபது நெருங்குகிறது. என் வாழ்நாளில் யாரும் என்னை இப்படி நிற்க வைத்துச் சிரித்ததில்லை. ஸ்டார்ட் பண்ணிக் கேளுங்கள், எஞ்சினின் பின்பக்கம் உஸ்ஸென்று சத்தம் வருகிறது என்று சொன்னேன். "நீங்க மெக்கானிக்கா சார்?" என்றார். நான் மெக்கானிக் இல்லை. அதனால்தான் உங்களிடம் வந்தேன்!

மன்னிக்கவும். கோபத்தில் நான்காவது வரவை விட்டுவிட்டேன். உங்கள் அலுவலகத்திலிருந்து போன் வந்தது, ஐட்லிங்கில் எஞ்சினுக்குப் போகும் காற்றைக் கூட்டிக் குறைக்கும் ஐட்லிங் வால்வு வந்துவிட்டது, காலை ஒன்பது மணிக்கு வண்டியை விடுங்கள் என்று. அரை நாள் லீவு போட்டேன். மதியம் இரண்டு வரை அந்தக் கண்ணாடி அறையில் உட்கார்ந்திருந்தேன். இரண்டு மணிக்கு வண்டியைப் பார்த்தாகிவிட்டது, பெட்டியில் இருப்பது வேறு மாடலின் வால்வு, துளை பொருந்தவில்லை என்றார்கள். நான் போய்ப் பார்த்தேன். காலையில் வண்டியை நிறுத்தும்போது கண்ணாடிக்கும் பானட்டுக்கும் நடுவே ஒரு காய்ந்த இலை பாதி செருகி, காம்பு மேலே நீட்டிக்கொண்டிருந்தது. இரண்டு மணிக்கும் அதே இடத்தில் அதே இலை, அதே காம்பு. பானட்டைத் தூக்கியிருந்தால் அது விழுந்திருக்கும். ஐந்து மணி நேரம் என் வண்டியை யாரும் தொடவே இல்லை. எந்தத் துளையில் எதைப் பொருத்திப் பார்த்தீர்கள்?

சரியான வால்வு பிறகு வந்து மாட்டப்பட்டது. முள் 1,800-லேயே நின்றது. ஐந்தாம் முறை, "ஈ.சி.எம். போயிருக்கும், அதை மாத்திப் பாக்கலாம்" என்றார்கள். எஞ்சின் கம்ப்யூட்டரை! மாத்திப் பார்க்கவா நான் வந்தேன்?

அன்று மாலை என் நண்பர் ஒருவர், ஓய்வுபெற்ற ஃபிட்டர், தன் கையடக்க ஸ்கேனரோடு வந்தார். அரை மணி நேரம். ஐட்லிங்கில் ஃபியூவல் ட்ரிம் 24 சதவீதம் கூட்டலில் நின்றது. அதாவது கம்ப்யூட்டர் வழக்கத்தைவிட அவ்வளவு அதிகமாகப் பெட்ரோல் ஊற்றிச் சமாளித்துக்கொண்டிருந்தது. ஆக்ஸிலேட்டரை மிதித்து 2,500-ல் பிடித்தால் அது 4, 5-க்கு இறங்கியது. "ஓட்டைதான்" என்றார். ஓட்டை எப்போதும் ஒரே அளவுதான். ஐட்லிங்கில் எஞ்சின் இழுக்கும் மொத்தக் காற்றே கொஞ்சம், உறிஞ்சலோ பலமாக இருக்கும், அதனால் ஓட்டை வழியாக வரும் பங்கு பெரிதாகத் தெரியும். ஆக்ஸிலேட்டரை மிதித்து த்ராட்டில் (காற்று போகும் வழியிலுள்ள கதவு) திறந்துவிட்டால் அந்தப் பங்கு ஒன்றுமில்லாமல் போய்விடும். நீங்கள் மாட்டிய புது வால்வு அதற்குள் முழுசாக மூடிக்கொண்டு தன்னால் ஆனதைச் செய்துகொண்டிருந்தது. பாவம், அதன்மேல் என்ன குற்றம்?

அப்புறம் ஒரு முழம் ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறு முனையை எஞ்சினைச் சுற்றிக் கொண்டுபோனார். எஞ்சின் தலைமேல் உள்ள வால்வு கவரிலிருந்து, சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் இன்டேக் மேனிஃபோல்டுக்கு எண்ணெய் ஆவியைக் கொண்டுபோகும் பி.சி.வி. ஹோஸ், வளையும் இடத்தில், அடிப்பக்கமாக, விரல் நக நீளத்துக்கு வெடித்திருந்தது. மேலிருந்து பார்த்தால் புத்தம் புதுசு மாதிரி இருக்கும். விரலை அடியில் விட்டால் எண்ணெய்ப் பிசுக்கோடு பிளவு தட்டுப்படும். ஹோஸை இடுக்கியால் நசுக்கிப் பிடித்தார். முள் 1,800-லிருந்து இறங்கி, கொஞ்சம் தடுமாறி, 850-ல் நின்றது. ஏதோ அறைக்குள் எல்லோரும் பேச்சை நிறுத்தியது போல இருந்தது.

அப்போது உங்கள் அட்வைசர் நினைவுக்கு வந்தார். வீட்டிலிருந்த கருப்பு இன்சுலேஷன் டேப்பை எடுத்து விளக்கில் ஒட்டாமல் ஹோஸில் சுற்றினேன். இரண்டு நாள் வண்டி பழையபடி ஓடியது. மூன்றாம் நாள் சூட்டிலும் எண்ணெயிலும் டேப் வழுக்கிக் கழன்றுவிட்டது.

அந்த எஞ்சினை வடிவமைத்தது நீங்கள். ரப்பர் ஹோஸ் வருடக்கணக்கில் சூட்டிலும் எண்ணெய் ஆவியிலும் இருந்தால் வெடிக்கும் என்று என்னைவிட உங்களுக்குத் தெரியும். அப்படியிருக்க, சென்சார், வால்வு, கம்ப்யூட்டர் என்று விலை கூடிய சாமான்களாகப் பார்த்து வரிசை கட்டியது எதனால் என்று நான் கேட்கலாமா? அந்த ஹோஸைத் தனியாகத் தாருங்கள் என்று போன் செய்தேன். 42 நிமிடம் இசை கேட்டேன். கடைசியில் ஒரு பெண், பார்ட் நம்பர் சொல்லுங்கள் சார் என்றார். உங்கள் வண்டியின் உங்கள் பார்ட்டுக்கு நம்பரை நான் சொல்ல வேண்டுமாம். அந்தப் பெண் மேல் தப்பில்லை, பொறுமையாகத்தான் பேசினார்.

இந்த அலைச்சலில் என் பிரேக் பேட் தேய்ந்தது, வண்டி பெட்ரோலைக் கூடுதலாகக் குடித்தது. என் மனைவி இந்த வண்டியில் ஏறுவதையே விட்டுவிட்டாள். இதற்கெல்லாம் நீங்கள் பதில் சொல்லியாக வேண்டும்.

தயவுசெய்து, அந்த ஹோஸை அனுப்புங்கள், அல்லது மாட்டிக் கொடுங்கள். தேவையில்லாமல் மாற்றிய சென்சாருக்கும் வால்வுக்கும் வாங்கிய பணத்தைத் திருப்பித் தாருங்கள். கழற்றிய பழைய வால்வு நல்ல வால்வு, அதையும் கொடுங்கள். பதினைந்து நாளில் பதில் வராவிட்டால் ஐந்து ஜாப் கார்டுகளோடும், நண்பர் எடுத்த ஸ்கேனர் படங்களோடும் நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போவேன். இதை மிரட்டலாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மிரட்டலாக எடுத்துக்கொண்டாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை.

இன்னும் உங்கள் வண்டியைத்தான் ஓட்டுகிறேன். நல்ல எஞ்சின் அது. அதனால்தான் இவ்வளவு எழுதினேன்.

இப்படிக்கு,
உங்கள் பதினாறு வருட வாடிக்கையாளர்

பின்குறிப்பு: அழைப்பதானால் மாலை ஆறு மணிக்கு மேல் அழையுங்கள். அந்த அட்வைசர் மட்டும் வேண்டாம்.