கல்லில் மேயும் கிடாய்கள்

பொன்ட்ரெசீனா, சுவிஸ்,
மே 4

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நல்ல சுகம். நீங்களும் தங்கச்சியும் சுகமாக இருக்க நல்லூரானை வேண்டுகிறேன். போன கடிதம் முழுக்கக் குளிர்ப் புலம்பல்தான். சரி, இந்த முறை உங்களுக்குப் பிடித்த ஆட்டுக் கதை.

இந்த ஊரே 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேலே பனி இன்னும் உருகவில்லை. அதனால் மலையாடுகள் இளம்புல் தேடி ஊர் ஓரம்வரை இறங்கி வருகின்றன. ஸ்டைன்பொக் என்பார்கள், கல்லுக் கிடாய் என்று பொருள். நேற்றுக் குசினி வேலை முடிந்ததும் போய்ப் பார்த்தேன். கிடாயின் கொம்பு ஒரு மீட்டர்வரை வளருமாம்! எங்கள் ஆடு கிளுவை வேலியில் முன்னங்காலைத் தூக்கி வைத்தாலே அதட்டுவீர்கள். இது சுவர் மாதிரிப் பாறையில் நின்று சாவகாசமாக அசைபோடுகிறது. குளம்பின் ஓரம் கெட்டி, உள்பக்கம் மெது. ஓரம் வெடிப்பில் கொளுவிக்கொள்ள, மெதுவான பக்கம் வழுக்காமல் பிடிக்கிறது.

எங்கள் பழைய சமையல்காரர் இன்னொன்று சொன்னார். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே சுவிஸில் இந்த ஆட்டைச் சுட்டுத் தீர்த்துவிட்டார்களாம். கொம்பு, இரத்தம் எல்லாம் மருந்து என்று நம்பிக்கை. இத்தனைக்கும் இந்த மாநிலத்துச் சின்னத்தில் பழைய காலம் தொட்டே அந்த ஆடு நிற்கிறது! இத்தாலியில் அரசரின் வேட்டைக்காடான கிரான் பரடீசோவில் மட்டும் மிஞ்சியிருந்தன. சுவிஸ்காரர் கேட்டும் அரசர் கொடுக்கவில்லை. அப்புறம் 1906இல் குட்டிகளைக் களவாக எல்லை கடத்தி, இங்கே சென்காலன் நகரில் வளர்த்து, 1911இல் மலையில் விட்டார்கள். எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. நான் வந்த வழி உங்களுக்குத் தெரியும்தானே.

அணிலுக்கு உறவுக்காரனாக முர்மெல்டியர் என்று ஒரு கொழுத்த பிராணியும் உண்டு. அரை வருடம் வளைக்குள் குடும்பமாக ஒட்டிப் படுத்துத் தூங்கும். அப்போது நெஞ்சு நிமிடத்துக்குச் சில தரம்தான் அடிக்கும். இப்போது எழும்பி, ஆளைக் கண்டால் விசிலடிக்கிறது. எனக்கு அந்த அரை வருடமும் இரட்டை வேலை.

காசு வெள்ளிக்கிழமை அனுப்பினேன். சிவப்பு மறி ஈன்றுவிட்டதா? குட்டி கிடாயோ மறியோ என்று தங்கச்சியை எழுதச் சொல்லுங்கள். கிடாய் என்றால் நான் வரும்வரை விற்க வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்