தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் குழாய்வழி ரத்தத் தொற்றைக் கணக்கெடுக்கக் கோரி மனு

அனுப்புநர்:
பால் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்க ஓய்வுபெற்ற செயலாளர்,
குறிஞ்சிப்பாடி வட்டம், கடலூர் மாவட்டம்.

பெறுநர்:
இணை இயக்குநர் அவர்கள்,
மருத்துவம் மற்றும் ஊரக நலப் பணிகள், கடலூர்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். கணைய அழற்சிக்காக என் மனைவி இம்மாவட்டத்து மருத்துவமனை ஒன்றின் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தார். கழுத்துச் சிரையில் சென்ட்ரல் லைன், அதாவது மருந்து செலுத்தப் பெரிய சிரைக்குள் விடும் குழாய், போட்டிருந்தார்கள். 7ஆம் நாள் நடுக்கத்துடன் காய்ச்சல். ரத்தத்தில் கிருமி ஏறிவிட்டது, குழாய் வழியாகப் போயிருக்கலாம் என்றார் மருத்துவர். மனைவி பிழைத்துக்கொண்டார். கொண்டுபோன நோய்க்குத் தங்கியதைவிட, அங்கே வந்த நோய்க்குத் தங்கிய நாள்களே அதிகம்.

யார்மீதும் புகார் இல்லை. செவிலியர்கள் பட்ட பாட்டை நேரில் பார்த்தவன் நான். வீடு திரும்பும் நாளில் ஒன்றுதான் கேட்டேன்: இந்த மாதம் எத்தனை பேருக்கு இப்படி ஆயிற்று? அவர்கள் மறைக்கவில்லை, ஐயா. கணக்கே இல்லை.

31 ஆண்டுகள் பேரேடு எழுதியவனுக்கு இது பொறுக்கவில்லை. திரிந்த பால் எவ்வளவு என்று மட்டும் எழுதினால் போதுமா? ஊற்றிய பால் எவ்வளவு என்றும் வேண்டும். இதற்கும் அதே முறைதான். தினமும் ஒரே நேரத்தில், குழாயுடன் இருக்கும் நோயாளிகளை எண்ண வேண்டும். 8 பேர் 30 நாளும் இருந்தால் 240 குழாய் நாள்கள். 1,000 குழாய் நாள்களுக்கு எத்தனை தொற்று என்று பார்த்தால், சிறிய மருத்துவமனையையும் பெரியதையும் ஒரே தராசில் நிறுக்கலாம்.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் இப்படி எண்ணிக்கொண்டே கை கழுவுதல், குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினியால் தோலைத் துடைத்தல், தேவை முடிந்த குழாயை உடனே எடுத்தல் போன்றவற்றைக் கடைப்பிடித்தார்கள். 1,000 குழாய் நாள்களுக்குச் சராசரி 7.7 தொற்றாக இருந்தது 18 மாதங்களில் 1.4 ஆனது. 2006இல் வெளியான ஆய்வு அது. விலை உயர்ந்த இயந்திரம் எதுவும் தேவைப்படவில்லை.

ஆகவே மாவட்டத்தின் அரசு, தனியார் தீவிர சிகிச்சைப் பிரிவுகள் அனைத்திலும் குழாய் நாள் பதிவேடு வைக்கவும், தொற்று என்று சந்தேகம் வந்தால் புது ஆன்டிபயாட்டிக் தொடங்குமுன் பிளட் கல்ச்சருக்கு (ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனைக்கு) ரத்தம் எடுக்கவும், மாதக் கணக்கைத் தங்கள் அலுவலகத்துக்கு அனுப்பவும் உத்தரவிட வேண்டுகிறேன். கூடுதல் எண்ணிக்கை காட்டியவர்களைத் தண்டித்துவிடாதீர்கள். மறு மாதமே எல்லாரும் பூஜ்யம் எழுதுவார்கள். பேரேட்டையும் அறிவேன், எழுதுகிறவர்களையும் அறிவேன்.

மனைவியின் டிஸ்சார்ஜ் சுருக்க நகலை இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)