டின்னுக்குள் ஒரு கடிதம்

சாட்ஸ்வர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா
சித்திரை மாதம், வியாழன் இரவு

அன்பு மகள் பாப்பாவுக்கு,

நீ அனுப்பிய இரண்டு போட்டோவையும் பார்த்தோம். ஒன்றில் உன் தெரு முழுக்க மஞ்சள் இலை. இன்னொன்றில் தட்டு நிறைய அப்பளம். கீழே ‘ஓட்ஸ் பிஸ்கட்’ என்று நீ எழுதியிருக்காவிட்டால் அப்பளம் என்றே நினைத்திருப்பேன். "அப்பா, நீங்க சொன்ன மாதிரியேதான் செஞ்சேன், எல்லாம் பரவி ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிச்சு, ஆறினதும் கடிக்க முடியல" என்று வாய்ஸ் நோட் வேறு. உன் ஆயாப் பாட்டி அதை மூன்று தரம் போடச் சொல்லிக் கேட்டுவிட்டு "ஷேம்!" என்றார். நான் இந்த நாட்டுக்கு வந்த புதிதில் யாரையோ வெட்கப்படச் சொல்கிறார்கள் என்று நினைத்த சொல் அது. அய்யோ பாவம் என்று அர்த்தம் புரியவே ஒரு வருஷம் ஆனது.

தப்பு உன் பேரில் இல்லை. கடலோரத்தில் உட்கார்ந்து போட்ட கணக்கை மலைமேல் இருக்கிற பிள்ளைக்கு அப்படியே கொடுத்துவிட்டேன். பள்ளிக்கூடத்தில் பௌதிகம் சொல்லிக்கொடுத்தே காலம் தள்ளியவன் செய்கிற காரியமா இது? அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். போனில் சொல்லாமல் எழுதுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு, அது கடைசியில்.

சின்ன வயதில் மாமா காரில் ஜோகன்னஸ்பர்க் போவோமே, வான் ரீனன் மலை ஏறும்போது பின் சீட்டில் இருக்கிற சிப்ஸ் பாக்கெட் எல்லாம் உப்பிக்கொண்டு வெடிக்கிற மாதிரி நிற்குமே, ஞாபகம் இருக்கிறதா? நீ பயந்துபோய் ஒன்றைக் கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டே வந்தாய். பாக்கெட்டுக்குள் காற்று கூடவில்லை, வெளியே காற்றின் அழுத்தம் குறைந்துவிட்டது, அவ்வளவுதான். நீ இப்போது இருக்கும் அந்த ஜோகன்னஸ்பர்க் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,750 மீட்டர் உயரம். இங்கே இருக்கிற அழுத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு கிட்டத்தட்ட அங்கே கிடையாது. உன் பிஸ்கட் மாவுக்குள் ஆப்பசோடா கிளப்புகிற ஒவ்வொரு குமிழும் ஒரு சிப்ஸ் பாக்கெட். அளவுக்கு மேல் உப்பும், சுவர் மெலியும், மாவு வெந்து இறுகுவதற்கு முன்பே உடைந்து உட்கார்ந்துவிடும். பரவினதற்குப் பாதிக் காரணம் இது.

மீதிப் பாதி தண்ணீர். இங்கே 100 டிகிரியில் கொதிக்கிற தண்ணீர் அங்கே 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் "பருப்பு வேகவே மாட்டேங்குது" என்று அம்மாவுக்குப் போன் மேல் போன் போட்டாயே, அதே கதைதான். பருப்புக்குக் குக்கர் வாங்கித் தீர்த்துக்கொண்டாய். அவன் அடுப்புக்குள் இருக்கிற பிஸ்கட்டுக்கு மூடி போட முடியாதே. தண்ணீர் சீக்கிரம் ஆவியாகப் போய்விடும், மிஞ்சின சர்க்கரை பாகாகிக் கசியும், ஆறினால் கண்ணாடி. போதாக்குறைக்கு மழை நின்றுபோன இந்த மாதத்தில் உங்கள் ஊர்க் காற்றே உதட்டை வெடிக்க வைக்கிற காற்று.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஆப்பிளிலிருந்து ஆரம்பிக்க வேண்டும், ஏனென்றால் இந்தப் பிஸ்கட்டே அதற்காகத்தான். சித்திரை என்றால் ஊரில் மாங்காய், வேப்பம்பூ. இங்கே வருஷப் பிறப்பன்று கடைகளில் எல்ஜின் ஆப்பிளும் செரெஸ் பேரிக்காயும் குவிந்து கிடக்கும். வந்த முதல் வருஷம், 1996இல், அதைப் பார்த்து எனக்கு மாதமே குழம்பிப்போனது. மேற்குக் கேப் மாகாணத்தில் பிப்ரவரியில் காலா ஆப்பிள் பறிக்க ஆரம்பிப்பார்கள், பச்சை கிரானி ஸ்மித் மார்ச் கடைசி, ஏப்ரலில்தான் வரும். எனக்கு அந்தப் பச்சைதான் வேண்டும். வார்விக் காலைச் சந்தையில் போன சனிக்கிழமை ஒரு பை வாங்கினேன். 1910இலிருந்து இருக்கிற சந்தை, நம் ஆட்கள் தோட்டக் காய்கறியைத் தலையில் சுமந்து வந்து விற்ற இடம். இப்போதும் காலை ஆறு மணிக்குப் போனால்தான் பழம் நன்றாகக் கிடைக்கும்.

பழத்தைத் துருவி நேராக மாவில் போடுவார்கள், நானும் அப்படித்தான் போட்டுக்கொண்டிருந்தேன். ஆப்பிளில் ஐந்தில் நாலு பங்குக்கு மேல் தண்ணீர். பிஸ்கட் கேக் மாதிரி உப்பி, மறுநாள் மேலே பிசுபிசுக்கும். வழி காட்டியது உன் ஆயா. நான் துருவி வைத்திருந்ததைப் பார்த்துவிட்டு "மாங்கா தொக்கு எப்படி போடறே? அப்படி போடு" என்றார். அவருக்குத் தமிழில் பத்துக்கு மேல் எண்ண வராது. தொக்கு, புளி, ரசம், கீரை, கொழுக்கட்டை என்றால் மட்டும் ஒரு எழுத்துப் பிசகாமல் வரும்.

இரண்டு பச்சை ஆப்பிளைத் தோலோடு துருவு. அடி கனத்த சட்டியில் ஒரு தேக்கரண்டி வெண்ணெய் விட்டு, துருவலைப் போட்டுச் சிறு தீயில் கிளறு. முதலில் துருவலே தண்ணீர் விட்டு சளசளவென்று சத்தம் வரும். பிறகு சத்தம் அடங்கும். நிறம் பச்சையிலிருந்து பழைய பித்தளை மாதிரி மாறும். கரண்டியை இழுத்தால் சட்டியின் அடி தெரிந்து, துருவல் திரும்ப ஓடிவந்து மூடாமல் நிற்க வேண்டும். அதுதான் பதம். கால் மணிக்கு மேலே ஆகும், அவசரப்பட்டுத் தீயைக் கூட்டாதே. ஒரு தேக்கரண்டி பட்டைப் பொடி, அரைத் தேக்கரண்டி சுக்குப் பொடி, இரண்டு கிராம்பு நுணுக்கியது, இவற்றைத் தொக்கு சூடாக இருக்கும்போதே போடு. வாசனை நெய்யில் இறங்குகிற மாதிரி இறங்கும். உன் அம்மா ஏலக்காயும் போடு என்பாள். போட்டால் பாயசம் நினைவுதான் வரும், ஆப்பிள் எங்கேயோ போய்விடும். இதில் மட்டும் அவளுக்கு விட்டுக்கொடுக்கவில்லை.

முட்டை வேண்டாம். தொக்கே கூட்டிப் பிடித்துக்கொள்ளும்.

காய்ந்த பழம் நூறு கிராம்: பாதி உலர்ந்த பேரிக்காய், பாதி திராட்சை. கிரான்பெர்ரியும் கடையில் இருக்கும், ஆனால் அது வட அமெரிக்காவிலிருந்து வருகிறது, விலையும் அப்படி. பேரிக்காயைத் திராட்சை அளவுக்கு நறுக்கி, கடும் ராய்பாஸ் தேநீரில் இருபது நிமிஷம் ஊற வை. பாலும் சர்க்கரையும் இல்லாத தேநீர். காய்ந்த பழத்தைக் காய்ந்தபடியே போட்டால் அது பக்கத்தில் இருக்கிற மாவின் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். உன் கல்லுக்கு இதுவும் ஒரு காரணம், நீ ஊற வைத்திருக்க மாட்டாய் என்று எனக்குத் தெரியும்.

ஓட்ஸ் நம் அவலுக்கு ஒன்றுவிட்ட தம்பி. ஆவியில் காட்டி உருளையில் நசுக்கின தானியம். கெட்டி அவல், மெல்லிய அவல் மாதிரி இதிலும் உண்டு. நீ ஆபீசுக்கு ஓடுகிற அவசரத்தில் கிண்டுகிற இன்ஸ்டன்ட் ஓட்ஸ் இதற்கு ஆகாது, கூழாகிவிடும். பெரிய இதழாக இருக்கிற ஜங்கிள் ஓட்ஸ் 150 கிராம், கேக் மாவு 120 கிராம், உப்பு அரைத் தேக்கரண்டி. ஆப்பசோடா, அதுதான் நீங்கள் பைகார்ப் என்பது, நான் இங்கே அரைத் தேக்கரண்டி போடுகிறேன். நீ அதில் கால்வாசியைக் குறைத்துவிடு.

வெண்ணெய் 115 கிராம். விரலால் அமுக்கினால் குழி விழ வேண்டும், உருகக் கூடாது. பழுப்புச் சர்க்கரை நான் 130 கிராம் போடுவேன், நீ 115 போடு. வெள்ளைச் சர்க்கரை வேண்டவே வேண்டாம். பழுப்பில் ஒட்டிக்கொண்டிருக்கிற கரும்புப் பாகுதான் ஈரத்தைப் பிடித்து வைக்கிறது, மெதுமெதுப்பே அதில்தான் இருக்கிறது. ஆயா டொங்காட்டில் பிறந்து வளர்ந்தவர், சர்க்கரை மில் ஓடுகிற மாதங்களில் தெருவே பாகு மணக்கும் என்பார். அவருடைய தாத்தா கரும்பு வெட்ட வந்தவர். 1860 நவம்பர் 16ஆம் தேதி ட்ரூரோ என்ற முதல் கப்பல் மெட்ராஸிலிருந்து இந்தத் துறைமுகத்துக்கு வந்தது முதல் 1911 வரை ஆள் கொண்டுவந்தது பெரும்பாலும் அந்தக் கரும்பை நம்பித்தான். அந்த வீட்டுப் பெண் சர்க்கரை விஷயத்தில் சொன்னால் நான் எதிர்த்துப் பேசுவதில்லை.

வெண்ணெயையும் சர்க்கரையையும் குழைத்து, ஒரு மேசைக்கரண்டி கோல்டன் சிரப், ஆறின தொக்கு, பிறகு மாவு வகையறா, கடைசியில் பிழிந்த பழம். உனக்கு மட்டும் கூடுதலாக இரண்டு மேசைக்கரண்டி மாவும், பழம் ஊறின தேநீரில் ஒரு மேசைக்கரண்டியும். மூடி ஒரு மணி நேரம் ஃபிரிட்ஜில் வை. அவல் தண்ணீர் குடிக்கிற மாதிரி ஓட்ஸ் ஈரத்தைக் குடித்துக்கொள்ளட்டும். வைக்கும்போது கையில் ஒட்டும், எடுக்கும்போது ஒட்டாது.

எலுமிச்சம்பழ அளவு உருட்டி, லேசாகத் தட்டி, இடம் விட்டு வை. அவன் அடுப்பு எனக்கு 180 டிகிரி, உனக்கு 190. எனக்குப் பத்து நிமிஷம், உனக்கு எட்டரை.

இந்தப் பத்து நிமிஷக் கணக்கு எப்படி வந்தது தெரியுமா? 2023இல் முறை வைத்துக் கரண்ட் நிறுத்துகிற லோட் ஷெடிங் உச்சத்தில் இருந்ததே, அப்போது. நான் அதுவரை பதினைந்து நிமிஷம் வைப்பேன், மேலே பொன்னிறமானால்தான் வெந்தது என்று நம்பிக்கை. ஒரு நாள் அட்டவணையைத் தப்பாகப் பார்த்துவிட்டேன். தட்டு உள்ளே போய்ப் பத்தாவது நிமிஷம் பட்டென்று கரண்ட் போனது. டார்ச் அடித்துப் பார்த்தால் ஓரம் மட்டும் சிவந்திருக்கிறது, நடுவில் வெளுத்து, ஈரமாக, தொட்டால் அமுங்குகிறது. போச்சு என்று தட்டை வெளியே எடுத்து வைத்துவிட்டு, உன் அம்மாவோடு மெழுகுவர்த்தி தேடப் போனேன். திரும்பி வந்தபோது ஆயா இருட்டிலேயே மூன்றாவதைத் தின்றுகொண்டிருந்தார். "நீ டெய்லி இப்படி பண்ண வேண்டியதுதானே?" என்றார். சூடான தட்டு தன் சூட்டிலேயே மீதி வேலையைச் செய்து முடித்திருந்தது. ஓரத்தைக் கடித்தால் லேசாக நொறுங்குகிறது, நடுவில் பல் அழுந்துகிறது. இரண்டு வருஷமாக நான் தேடினது அதுதான். ஆகவே, வேகாத மாதிரி தெரியும்போதே எடு. எடுத்ததும் தட்டிலிருந்து கழற்றாதே, பத்து நிமிஷம் அப்படியே இருக்கட்டும். உள்ளேயே விட்டு அவன் அடுப்பை அணைத்தால் போதும் என்று நினைக்காதே, அது சுண்ட வைத்துவிடும். ஆயா சுடுகிற க்ரஞ்சீஸ் வேறு ரகம், அது மொறுமொறுவென்று இருப்பதற்காகவே சுடுவது. ஓட்ஸும் கோல்டன் சிரப்பும் பொதுவாக இருப்பதால் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே.

வைத்துச் சாப்பிடுவதிலும் உன் ஊர் எங்களுக்குத் தலைகீழ். இங்கே திறந்து வைத்தால் கடல் காற்றில் ஒரே நாளில் தொளதொளத்துவிடும். அங்கே திறந்து வைத்தால் மறுபடி ஓடு மாதிரி இறுகிவிடும். இறுக மூடுகிற டப்பாவில் ஒரு ரொட்டித் துண்டை உடன் போட்டு வை. ரொட்டி காயும், பிஸ்கட் காயாது.

பெரிய வெள்ளியன்று ஈசிப்பிங்கோ மாரியம்மன் கோயிலுக்குப் போனோம். ஈஸ்டர் கூட்டம் உனக்குத் தெரியாததா, செருப்பைத் தேடவே அரை மணி. உன் பெயருக்கும் ஒரு தேங்காய் உடைத்தாள் அம்மா. முழங்கால் வலி அவளுக்கு இப்போது தேவலாம்.

அந்த இன்னொரு காரணம். சனிக்கிழமைதோறும் கோயில் ஹாலில் நடந்த தமிழ் வகுப்புக்கு உன்னை இழுத்துக்கொண்டு போனேன், நீயும் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு வந்தாய். மெசேஜ் எல்லாம் இப்போது நீ இங்கிலீஷில்தான் போடுகிறாய். நான் தமிழில் போட்டால் ஒரு கட்டைவிரல் வரும், படித்தாயா இல்லையா என்று தெரியாது. பிஸ்கட் அளவு இதற்குள் இருந்தால் படித்துத்தானே ஆக வேண்டும்? எழுத்துக் கூட்டிப் படி. அவசரமில்லை, மாவு ஒரு மணி நேரம் ஃபிரிட்ஜில் இருக்கும்.

டின்னை நாளைக்கு விடியற்காலை மாமா காரில் கொடுத்தனுப்புகிறேன். 24 வைத்துக் கட்டினேன். கட்டின பிறகு அம்மா ஒரு தரம் அவிழ்த்தாள், ஆயா ஒரு தரம் அவிழ்த்தார், மாமா எப்படியும் வான் ரீனனில் காரை நிறுத்துவார். எத்தனை வந்து சேர்ந்தது என்று எண்ணி எழுது, தமிழில்.

அன்புடன்
அப்பா