அணிகள் வந்து இறங்கும் முன்

அன்பு நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. ஹோ சி மின் நகரில் நடக்கப்போகும், வியட்நாமியத் தற்காப்புக் கலையான வோவினாமின் பன்னாட்டுப் போட்டியில் வெளிநாட்டு அணிகளைக் கவனிக்கும் பொறுப்பை உன்னிடம் கொடுத்திருக்கிறார்கள் என்று படித்ததும் மனம் நிறைந்தது. ஏற்பாடுகளைப் பற்றி நீ கேட்டதற்கெல்லாம் எழுதுகிறேன். வரிசை முன்பின்னாக இருந்தால் பொறுத்துக்கொள்.

முதலில் அழைப்பு மேசை, அதாவது வீரர்களைப் பெயர் சொல்லிக் களத்துக்குக் கூப்பிடும் இடம். உன் ஆட்களில் மிகக் கெட்டிக்காரரை அங்கேதான் உட்கார வை. போட்டி நாளில் வரும் தகராறுகளில் பாதி அந்த மேசையில்தான் பிறக்கும், காரணம் பெரும்பாலும் பெயர். வியட்நாமியப் பெயரில் குடும்பப் பெயர் முன்னால் வரும், ஆளைக் கூப்பிடும் பெயர் கடைசியில். 1938-இல் ஹனோயில் வோவினாமைத் தொடங்கிய நுயென் லொக்கின் பெயரில் ‘நுயென்’ குடும்பப் பெயர், கூப்பிடுவது ‘லொக்’. இந்தப் பழக்கத்தில் ஒலிபெருக்கியைப் பிடிப்பவர் கடவுச்சீட்டில் ‘முருகன் ராமசாமி’ என்று இருந்தால் “ராமசாமி” என்றுதான் கூப்பிடுவார். ராமசாமி ஊரில் இருக்கும் அப்பா. முருகன் மூலையில் உட்கார்ந்து கைக்குத் துணி சுற்றிக்கொண்டிருப்பான். மூன்று முறை அழைத்தும் வரவில்லை என்று எதிராளிக்கு வெற்றி போய்விடும். விண்ணப்பப் படிவத்திலேயே ‘களத்தில் கூப்பிட வேண்டிய பெயர்’ என்று தனிக் கட்டம் போடு. ஒவ்வொருவருக்கும் மூன்று இலக்க எண் கொடுத்து, எண், நாடு, பெயர் என்ற வரிசையில் அழைக்கச் சொல். சான்றிதழ் அச்சுக்குப் போகும் முன் பெயர்ப் பட்டியலில் அணித் தலைவரின் கையெழுத்தை வாங்கிவிடு. வியட்நாமிய எழுத்துகளின் மேல்குறி, கீழ்குறிகள் எழுத்துரு மாறினால் உதிர்ந்துவிடும். அச்சகத்தில் ஒரே ஒரு தாளை அடித்துப் பார்த்த பிறகு மொத்தமாகக் கொடு.

இதே பெயர்ச் சிக்கல் விசாவிலும் வரும். வியட்நாமின் மின்விசா 90 நாள் வரை செல்லும்; ஒருமுறை நுழைய 25 டாலர், பலமுறை என்றால் 50. குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக உள்ள நம் ஊர்க் கடவுச்சீட்டுக்காரர்கள், இனிஷியலை விரித்து எழுதியவர்கள் எல்லாம் கடவுச்சீட்டின் அடியில் உள்ள இரண்டு வரியில் இருப்பதை அப்படியே நிரப்ப வேண்டும். ஓர் எழுத்து மாறினாலும் விமானத்தில் ஏற்ற மறுக்கக்கூடும். மூன்று வேலைநாளில் வரும் என்பார்கள். மூன்று வாரம் முன்பே எல்லோரும் போட்டுவிட்டார்களா என்று அணி வாரியாகக் கேள்.

இனி நேரக் கணக்கு. சண்டைக்கு மூன்று சுற்று, சுற்றுக்கு இரண்டு நிமிடம், நடுவே ஒரு நிமிட ஓய்வு என்று வைத்தால் எட்டு நிமிடம் வரும். அதை நம்பி அட்டவணை போடாதே. வணக்கம் செலுத்துவது, மார்புக் கவசத்தின் முடிச்சை இறுக்குவது, மூக்கில் வழியும் ரத்தத்தைத் துடைப்பது எல்லாம் சேர்ந்தால் பன்னிரண்டு ஆகிவிடும். எட்டு மணி நேரத்தில் ஒரு களத்துக்கு 40 சண்டைதான். தோற்றவர் வெளியேறும் முறையில் 12 பேர் கொண்ட எடைப்பிரிவுக்கு 11 சண்டை. அரையிறுதியில் தோற்ற இருவருக்கும் வெண்கலம் என்றால் அதற்கு மேல் இல்லை. அப்படிப் பத்துப் பிரிவு இருந்தால் 110. இரண்டு களம் வைத்தாலும் ஒரு நாளில் முடியாது. ஒருவருக்கு அடுத்தடுத்த சண்டை வந்தால் நடுவில் அரை மணியாவது இடைவெளி கொடு. குயென் எனப்படும், ஒருவர் தனியாகச் செய்துகாட்டும் அசைவு வரிசைகளிலும் சண்டையிலும் ஒரே ஆள் பெயர் கொடுத்திருப்பார். இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காவிட்டால் அவர் இரண்டு களத்தில் ஒரே நேரத்தில் நிற்க வேண்டியிருக்கும்.

விரிப்பைப் பற்றிக் கொஞ்சம் நிறையவே சொல்ல வேண்டும். எட்டுக்கு எட்டு மீட்டர் களம், சுற்றிலும் இரண்டு மீட்டர் பாதுகாப்பு ஓரம் என்றால் பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு. ஒரு மீட்டர் சதுரப் பலகை விரிப்பு 144 வேண்டும். கிழிந்தால் மாற்ற இன்னும் பத்து. வோவினாமின் தோன் சான், அதாவது பறந்து போய் எதிராளியின் கழுத்தையோ இடுப்பையோ கால்களால் கத்தரிபோலக் கவ்விச் சாய்க்கும் உத்திகள், காட்சிப் பிரிவில் கட்டாயம் வரும். அடித்தவர், வாங்கியவர் இருவரும் முழு எடையோடு முதுகில் விழுவார்கள். இரண்டரை செ.மீ. விரிப்பு அதற்குப் போதாது, நான்கு வேண்டும். முந்தின நாளே, குளிர்சாதனத்தை ஓடவிட்டு, நடுவிலிருந்து வெளிப்பக்கமாக விரி. வெயிலில் வந்த நுரைப் பலகை குளிர்ந்ததும் சுருங்கும். சூட்டோடு விரித்தால் மறுநாள் காலை இணைப்பில் விரல் நுழையும் அளவு இடைவெளி விட்டிருக்கும். கால்விரல் மாட்டிப் பிசகுவது அங்கேதான். மே முதல் நவம்பர் வரை மழைக்காலம் என்பதால் பிற்பகலில் காற்றின் ஈரமே விரிப்பை வழுக்க வைக்கும். களத்துக்கு இரண்டு பேர், உலர்ந்த துணியோடு, சண்டைக்குச் சண்டை துடைக்க வேண்டும்.

கவசம், களத்துக்கு மூன்று ஜோடி: ஒன்று சண்டையில், ஒன்று அடுத்தவர் உடம்பில், ஒன்று ஸ்பிரிட் தோய்த்த துணியால் துடைத்துக் காய்கிறது. சிவப்பு, நீலம் இரண்டிலும் நான்கு அளவு. பல்கவசமும் இடுப்புக் கவசமும் அவரவர் கொண்டுவர வேண்டும் என்று அழைப்பிதழிலேயே எழுது. புள்ளி எந்திரத்துக்குத் தனி யூபிஎஸ் வை, பக்கத்தில் தாளும் பேனாவும் கூட. வாள், கோல் வரிசைகளுக்கான ஆயுதங்களை அணிகள் சுமந்து வர வேண்டாம், முடிந்தவரை நீங்களே கொடுங்கள். விளையாட்டு ஆயுதத்துக்கும் அங்கே சட்டக் கட்டுப்பாடு உண்டு; சுங்கத்தில் நின்றால் ஒரு நாள் போகும்.

எடை பார்க்கும் தராசைக் கம்பளத்தின் மேல் வைக்காதே, தவறாகக் காட்டும். சிமெண்டுத் தரை வேண்டும். முந்தின மாலை எல்லோரும் ஏறிப் பார்த்துக்கொள்ள அதே தராசை, அதே இடத்தில் திறந்து வை. வெளியே வேறு தராசு இருந்தால் சண்டை அங்கேயே தொடங்கிவிடும்.

அல்ஜீரியா, ஈரான் அணிகள் வலுவானவை, பெரிய அணியாக வருவார்கள். ஹலால் சாப்பாடு வேண்டும். அல்ஜீரியர்களோடும் பிரான்ஸ்காரர்களோடும் பேசப் பிரெஞ்சு தெரிந்த இரண்டு பேர் வேண்டும். நம்மவர்களில் சைவம் சாப்பிடுபவர்களுக்கு ‘சாய்’ எனப்படும் சைவ உணவகத்தைப் பிடி. சாதாரணக் கடையில் இறைச்சி வேண்டாம் என்று மட்டும் சொன்னால் மீன்சாறு ஊற்றிய காய்கறி வரும், அவர்கள் வேண்டுமென்று செய்வதில்லை.

ஆம்புலன்ஸ் ஒன்று போனால் இரண்டாவது வந்து நிற்கும் வரை எந்தக் களத்திலும் சண்டை கூடாது. இதை மேலாளர் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் சொல்லிவிடு, பிறகு யாரும் நெருக்க மாட்டார்கள்.

கடைசி நாள் காலை அணிகளை சு வான் ஹான் தெருவில் உள்ள தோ துவாங்குக்கு, நுயென் லொக்கின் நினைவு இல்லத்துக்கு, கூட்டிப்போக நேரம் ஒதுக்கு. தூரத்திலிருந்து வருபவர்களுக்குப் பதக்கத்தைவிட அதுதான் பெரிது. இடம் சிறியது, ஆகவே இருபது இருபது பேராக, சீருடையோடு. வலது கையை நெஞ்சில் வைத்துத் தலை தாழ்த்தும் வணக்கம் எல்லா அணிக்கும் தெரியும். உன் தொண்டர்களுக்கும் அதைக் கற்றுக்கொடு.

அரங்கத்தின் தரைப்படத்தையும் எடைப்பிரிவுப் பட்டியலையும் அனுப்பு. களங்களை எப்படிப் போடலாம் என்று கோடு போட்டு அனுப்புகிறேன்.

அன்புடன்,
உன் பழைய தோழன்