பயிற்சியாளரின் பெயரும் இடம்பெறட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மாவட்ட, மாநில நீச்சல் போட்டிகளின் முடிவுகளைத் தங்கள் நாளிதழ் தொடர்ந்து வெளியிட்டு வருவது பாராட்டுக்குரியது. வென்ற பிள்ளைகளின் பெயர், பள்ளி, நீந்திய நேரம் எல்லாம் அச்சாகின்றன. அவர்களை உருவாக்கியவரின் பெயர் மட்டும் விடுபட்டுவிடுகிறது.

நெய்வேலியில் வளர்ந்த சஜன் பிரகாஷ், 2021 ஜூனில் ரோம் நகரில் 200 மீட்டர் பட்டர்ஃபிளை பிரிவில் 1 நிமிடம் 56.38 விநாடிகளில் நீந்தி, ஒலிம்பிக்கில் நேரடியாகப் பங்கேற்கும் வாய்ப்பைத் தரும் 'ஏ' தகுதி நேரத்தை எட்டிய முதல் இந்திய நீச்சல் வீரர் ஆனார். தகுதி நேரத்துக்கும் அவருக்கும் இருந்த இடைவெளி விநாடியில் பத்தில் ஒரு பங்குதான். அதற்கு முந்தைய ஆண்டு அவர் கழுத்துக் காயத்தோடு, கொரோனா முடக்கத்தால் தாய்லாந்தில் சிக்கி, பயிற்சிக்குக் குளமின்றித் தவித்தவர். அந்த நிலையிலிருந்து அவரைத் துபாயில் தம்மோடு வைத்துப் படிப்படியாக மீட்டெடுத்தவர், 2016-இல் துரோணாச்சாரியார் விருது பெற்ற பயிற்சியாளர் எஸ்.பிரதீப் குமார். சஜனின் சாதனையைக் கொண்டாடிய அளவுக்கு நாம் அவரைக் கொண்டாடினோமா என்பது எனக்கு ஐயமே.

விருது பெற்றவருக்கே இந்த நிலை என்றால், கோடைக்கால முகாம்களில் சொல்லித்தருபவர்களை யார் நினைக்கிறார்கள்? முதல் நாள் குளத்தில் இறங்கும் பிள்ளை ஓரத்துக் கம்பியை விடவே விடாது. அதன் எதிரே இடுப்பளவு நீரில் நின்று, முகத்தை முக்கி மூச்சைக் குமிழிகளாக விடப் பழக்கி, தலையைத் தூக்கினால் இடுப்பு தாழும் என்பதைச் சலிக்காமல் திருத்துகிறவர் அந்தப் பயிற்சியாளர். அந்த வயதில் படியும் கைவீச்சும் மூச்சொழுங்கும்தான் பின்னாளில் பந்தயத்தில் உடன் வருகின்றன. தவறாகப் படிந்துவிட்டால், பதினாறு வயதில் அதை மாற்றுவது பெரும்பாடு. விடியற்காலையில் எழுவது, தோற்ற மறுநாளும் பயிற்சிக்கு வருவது போன்ற பழக்கங்களோ நீச்சலை விட்ட பிறகும் பிள்ளைகளிடம் நிலைக்கின்றன.

எனவே, இனி வெளியிடும் போட்டி முடிவுகளில் ஒவ்வொரு வெற்றியாளரின் பெயருடனும் தற்போதைய பயிற்சியாளர், முதன்முதலில் நீந்தக் கற்பித்தவர் ஆகிய இருவரின் பெயர்களையும் சேர்க்க வேண்டுகிறேன். போட்டி அமைப்பாளர்களும் நுழைவுப் படிவத்திலேயே இவற்றுக்கு இடம் ஒதுக்கினால், தங்கள் செய்தியாளர்களின் பணி எளிதாகும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
கடலூர் மாவட்டம்.